ஆரஞ்சுக் கோடு

இந்த வருஷம் டாமரேக் ஏரியை விட்டுப் பனிக்கட்டி கிளம்புவதற்குள் மே மாதம் பிறந்துவிட்டது. ஐந்து வாரத்தில் ஆற அமரச் செய்கிற வேலை மூன்று வாரத்துக்குள் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மாதக் கடைசி விடுமுறைக்கு நகரத்துக்காரர்கள் வந்து இறங்கும்போது ஒவ்வொருவர் கரையிலும் துறைப்பலகை நீண்டிருக்க வேண்டும், அதன் பக்கத்தில் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தும் லிஃப்ட் நிற்க வேண்டும், லிஃப்டின் மேல் படகு அலை தொடாத உயரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதெல்லாம் வசந்தகாலத்தில் தானாக முளைக்கிறது என்றுதான் அவர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முளைக்க வைப்பவர்கள் இரண்டே பேர். லவானுக்கு வயது அறுபத்திரண்டு. அவள் கணவனின் தம்பி டெல்மருக்கு அறுபத்துமூன்று. அவனுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் செய்து வைத்த இரும்பு. மூன்றாவது ஆள்தான் உண்மையில் தொழிலுக்குச் சொந்தக்காரன், ஆரின், லவானின் கணவன். ஜனவரியில் உறைந்த ஏரியின் மேல் போட்ட குடிசைக்குள் பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "சரி." பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், காப்பி ஆறிப்போய்விட்டது என்பதற்கும் அதுதான்.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. முப்பத்தொன்பது வருஷத் தொழிலில் யார் செய்த வேலையையும் பார்த்து ஆரின் "சரி" என்று சொன்னவன் இல்லை. அந்தப் பக்கத்து ஆம்பிளைகள் யாரும் வாயால் மெச்சமாட்டார்கள், அதிலும் இவன் ஒரு படி மேல். லிஃப்ட் நன்றாக நின்றால் அதன் அலுமினியக் காலில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். டக், டக். அவ்வளவுதான் பாராட்டு. கல்யாணமான இரண்டாவது வருஷம் லவான் செய்த பன்றிக்கறி வறுவலுக்குச் சாப்பாட்டு மேஜையில் ஒருதரம் அப்படித் தட்டினான். தேதியைக் கேட்டால்கூடச் சொல்வாள்.

இப்போது வீட்டிலும் ஒரு லிஃப்ட் வந்துவிட்டது. ஆளைத் தூக்குகிற லிஃப்ட். சக்கரம் வைத்த ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு கை, அந்தக் கையில் நான்கு வாரால் தொங்குகிற கனமான துணி. துணிக்கு ஏதோ நீளமாகப் பெயர் சொன்னார்கள். டெல்மர் முதல் நாளே அதற்குத் தூளி என்று பெயர் வைத்தான், அதுவே நிலைத்துவிட்டது. ஆரினைத் தூளியில் வைத்து, பம்புப் பிடியை அழுத்தி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு. பிப்ரவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே தொங்கினான். மே பிறந்ததும் ஆள் மாறிவிட்டான். பம்பை இரண்டு அழுத்து அழுத்துவதற்குள் "சரி! சரி! சரி!" என்று வீடு இடிகிற மாதிரி கத்துவான். இடது கையால் லவானின் முடியைப் பிடித்து இழுத்ததும் உண்டு.

"படகெல்லாம் தான் இல்லாம தண்ணிக்குப் போகுதில்ல, அந்தக் கோவம்" என்றான் டெல்மர். லவானும் அப்படித்தான் நம்பினாள். நம்புவதற்கு வாகாக இருந்தது.

கவுண்டி சுகாதார ஆபீஸ் நர்ஸ் ஜானெல், அவனைத் தூக்குவது எப்படிப் போகிறது என்று தொலைபேசியில் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரிலே வருகிறாள். ஒரே ஆள், பாதுகாப்பாக, மல்லுக்கட்டு இல்லாமல் அவனைத் தூக்கி உட்கார வைக்க முடிகிறதா என்று பார்க்கப்போகிறாள். முடியவில்லை என்றால் நாற்பது மைல் தள்ளி இருக்கும் நோயாளிகள் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, அடுத்த வாரமே ஆரின் அங்கே. "இதுல உங்க மேல எந்தத் தப்பும் இல்ல லவான். சில பேரு இதை ஏத்துக்கவே மாட்டாங்க" என்று சொல்லியிருந்தாள் ஜானெல்.

அந்தக் கட்டிலில் அவனை விட்டுவிட்டு வர லவானுக்கு மனசு வரவில்லை. அதே மூச்சில், ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கலாமே என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை. இரண்டாவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆக, வியாழக்கிழமை. ஆரினைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் சர்ச்சிலிருந்து இரவல் வாங்கிய பழைய வேனில் நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். தூளியை அடிக்கடி கழற்றி மாட்டினால் இரண்டு பேருக்கும் உயிர் போகும் என்பதால் அது அவன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. வேனின் பக்கக்கதவை ஏரியைப் பார்க்கத் திறந்துவைத்து, மடியில் ஒரு கம்பளியைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

மார்பு வரைக்கும் வரும் ரப்பர் உடுப்பு. இடது முழங்காலில் ஒரு பொத்தல், போன வாரமே ஒட்ட வேண்டியது. பனி உருகி மூன்று வாரமே ஆன தண்ணீர் அந்தப் பொத்தல் வழியாக வந்து காலுறைக்குள் குடியேறிற்று.

"மொதலாளி, இன்னிக்குத் தண்ணி கொஞ்சம் சூடா இருக்கு" என்றான் டெல்மர். "நேத்து காலு செத்தே போச்சு. இன்னிக்கு மயக்கம்தான் போட்டிருக்கு."

"பேசற நேரத்துல அந்தப் பக்கத்துக் காலை இறக்கு."

இருபத்திரண்டாவது லிஃப்ட் இது. சொந்தக்காரன் டிரென்ட், நகரத்தில் பல் வைத்தியன், மோசமான ஆள் இல்லை. போன வருஷம் மாதிரியே வைத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தான். போன வருஷம் மாதிரி வைப்பதற்குத்தான் ஆரஞ்சுக் கோடு இருக்கிறது. அது ஆரினின் கண்டுபிடிப்பு. ஒரு லிஃப்டை ஒருதரம் ஒழுங்காக அமைத்துவிட்டால், நான்கு கால்களும் எந்த உயரம், படகைத் தாங்கும் இரண்டு நீளக் கட்டைகள் எந்த இடம், படகின் மூக்கு வந்து முட்டி நிற்கும் தடை எங்கே, எல்லாவற்றிலும் ஆரஞ்சுப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுவான். அடுத்த வசந்தத்தில் கோட்டுக்குக் கோடு வைத்தால் அரைமணி நேரத்தில் வேலை முடியும். பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. துவைக்கிற எந்திரத்தின் சோப்புக் கிண்ணத்தில் கோடு, ஹீட்டர் திருகில் கோடு, காப்பிக் கூஜாவில் கோடு. தூளியிலும் ஒரு கோடு உண்டு, அது லவான் போட்டது. பிப்ரவரியில் நர்ஸ் வந்து முதல்தரம் சரியாக மாட்டிக் காட்டியபோது, ஆரினின் பிடரி வருகிற இடத்தில் ஆரஞ்சு டேப்பை ஒட்டிக்கொண்டாள். ஏப்ரல் கடைசியில், ஆள் இளைத்துவிட்டான் என்று சின்ன அளவில் வேறு தூளி அனுப்பினார்கள். பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான் கொண்டுவந்தவன். லவான் பழசையும் புதுசையும் மேல்விளிம்பு பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அதே இடத்தில் டேப்பை ஒட்டினாள். ஒரு நிமிஷ வேலை. ஆரினுக்கு அந்த டேப்பைக் கண்டாலே ஆகவில்லை. இடது கையைப் பின்னால் வளைத்து அதை உரித்துப் போடுவான், அவள் மறுபடி ஒட்டுவாள், மறுபடி உரிப்பான். டேப் சுருளே தீர்ந்துகொண்டிருந்தது.

நான்கு கால்களையும் கோட்டுக்கு இறக்கி, கட்டைகளை முடுக்கி, மூக்குத்தடையைப் பூட்டி, டெல்மர் கட்டையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழ் நடுவில் நின்றது. பதினோரு மணிக்குள் ஒரு லிஃப்ட் முடிந்தது என்று லவான் நினைத்த நேரத்தில் கரைமுனையைச் சுற்றிக்கொண்டு டிரென்ட் படகை ஓட்டிக்கொண்டு வந்தான்.

படகு வேறு.

"எப்டி இருக்கு?" என்று கத்தினான் டிரென்ட். "போன மாசம்தான் எடுத்தேன். பழசை விட ரெண்டே அடிதான் பெருசு. லிஃப்ட் தாங்கும்னு கடைக்காரன் சொன்னான்."

"பரவாயில்ல" என்றாள் லவான். அந்த ஊரில் அதற்கு மேல் யாரும் சொல்லமாட்டார்கள். படகு வேறு என்று முன்னமே சொல்லியிருக்கலாமே என்று கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் சண்டை என்று அர்த்தம்.

படகு லிஃப்டுக்குள் வந்து மூக்குத்தடையில் முட்டி நின்றது. மூக்கு அங்கே நின்றால், நீண்டுபோன இரண்டடியும் எங்கே போகும்? பின்னால்தான் போகும். கட்டை முடிந்த பிறகும் படகு முடியவில்லை. எஞ்சின் முழுக்க அந்தக் கடைசியில். லவானுக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று அவள் பிற்பாடு சொல்லிக்கொள்ளவே இல்லை. டிரென்ட் படகிலிருந்து இறங்கி, போன் வந்ததென்று வீட்டுக்குள் போய்விட்டான். மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பதென்றால் ஒன்றரை மணி நேரம். கால் மரத்துப்போயிருந்தது. இன்னும் ஒரு லிஃப்ட் பாக்கி. மூன்று நாள் விடுமுறைதானே, தாங்கட்டும், ஜூனில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று லிஃப்டைத் தூக்கும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினாள்.

படகு தண்ணீரை விட்டு எழுந்தது. மூக்கு சற்று அதிகமாகவே எழுந்தது. பின்பக்கம் அந்தரத்தில் தொங்கி, கம்பிவடம் முனகிற்று.

வேனில் தட்டல் ஆரம்பித்தது. விரல் முட்டியால் இல்லை. உள்ளங்கையால், வேனின் தகரத்தில், நிற்காமல்.

"அண்ணனுக்குப் பசி" என்றான் டெல்மர்.

லவான் கரையேறிப் போய் முட்டை சாண்ட்விச்சைப் பிரித்து நீட்டினாள். தட்டிவிட்டான். ரொட்டி ஒரு பக்கமும் முட்டை ஒரு பக்கமும் விழுந்தன.

"சரி" என்றான். "சரி, சரி." இடது கை படகின் பின்பக்கத்தைக் காட்டியது.

"தெரியுது ஆரின். எனக்கும் கண்ணு இருக்கு."

"சரி!"

"என்னால முடியல. புரியுதா? ஒன்னைத் தூக்கணும், படகைத் தூக்கணும், ஊர்ல இருக்கறதெல்லாம் நானே தூக்கணும். கையி ரெண்டுதான் இருக்கு."

அவன் கையை இறக்கவில்லை. பக்கவாதம் வந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் அந்தப் பிடிவாதம் மட்டும் பாக்கி இருந்ததோ. கட்டை பற்றி அவன் ஆயிரம் தடவை சொன்னது அவள் காதில் விழுந்தது, அவன் வாய் திறக்காமலே. 'அழகெல்லாம் மூக்குல இருக்கும், கனமெல்லாம் பின்னால இருக்கும். கனத்துக்கு அடியில கட்டை இல்லேன்னா அது லிஃப்ட் இல்ல, தூக்குமேடை.' ஒரு கோடைகாலம் அப்படித் தொங்கினால் படகின் அடிவயிறு வளைந்துவிடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறு யாரோ அமைத்த லிஃப்டில் அப்படி வளைந்த படகைப் பார்த்துவிட்டு, அது தன் வேலை இல்லை என்றாலும், ஆரின் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

லவான் குனிந்து முட்டையைப் பொறுக்கிக் காக்கைக்குப் போட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்குள் இறங்கினாள்.

"ஐயோ" என்றான் டெல்மர்.

"எறக்கு. தடையைக் கழட்டு. எல்லாத்தையும் ரெண்டடி நகத்தணும்."

"ஆரஞ்சுக் கோடு..."

"கோடு பழைய படகுக்குடா."

படகை இறக்கி, கயிற்றில் கட்டி ஒதுக்கினார்கள். மூக்குத்தடையைக் கரைப்பக்கமாக இரண்டடி தள்ளிப் பூட்டினார்கள். துருப்பிடித்த இரண்டு மரைகள் வரமாட்டேன் என்றன. ஒன்றை டெல்மர் கெஞ்சிக் கழற்றினான், இன்னொன்றை லவான் திட்டிக் கழற்றினாள். கட்டைகளைப் பின்னுக்கு இழுத்து, எஞ்சினுக்கு நேர் கீழே வருகிற மாதிரி கையால் தடவிப் பார்த்து வைத்தாள். ஆழத்துப் பக்கத்துக் கால்கள் சேற்றில் இறங்காமல் இருக்க அடியில் பலகை கொடுத்தார்கள், அதற்காகத் தோள் வரை குனிந்ததில் ரப்பர் உடுப்புக்குள் மேலிருந்தும் தண்ணீர் வந்தது. பல் கிட்டித்தது.

மணி ஒன்று ஆகும்போது படகை ஏற்றிச் சுற்றினார்கள். இந்தத் தடவை முனகல் இல்லை. மூக்கும் பின்பக்கமும் ஒரே சமயத்தில் தண்ணீரை விட்டன. மெத்தையில் புரண்டு படுத்த ஆள் மாதிரி படகு தன் கனத்தைக் கட்டைகளிடம் கொடுத்துவிட்டு அடங்கியது. டெல்மர் ரசமட்டத்தைப் படகின் விளிம்பில் வைத்தான். நடு.

லவான் வேனைப் பார்த்தாள். அந்த இரண்டு தட்டுக்காகத்தான் பார்த்தாள், மறைப்பானேன். ஜனவரியிலிருந்து அந்தச் சத்தம் அவள் காதில் விழவில்லை.

வந்தது மறுபடியும் உள்ளங்கை. பட், பட், பட், பட். முன்னைவிடப் பலமாக.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அலைத்தண்ணீரைக் காலால் உதைத்துக்கொண்டு கரையேறினாள். "இதுக்கு மேல என்னதான் வேணும் ஒனக்கு? வந்து பாரு, குமிழ் நடுவுல நிக்குது. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது போதும்னு விடேன்."

ஆரின் கத்தவில்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது. இடது கையில் பிடரியிலிருந்து உரித்த ஆரஞ்சு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையாலேயே படகின் பின்பக்கத்தைக் காட்டினான். பிறகு தன் இடுப்புக்குக் கீழே, நாற்காலிக்கும் உடம்புக்கும் நடுவே, கையை நுழைக்கப் பார்த்தான். முடியவில்லை. விலாவுக்குக் கீழே அடித்துக் காட்டினான். மறுபடி படகு. மறுபடி இடுப்பு. அவளைப் பார்த்தான்.

லவான் அவன் தோளைப் பிடித்து முன்னால் சாய்த்து, முதுகுக்குப் பின்னால் ஈரக் கையை விட்டாள். தூளியின் துணி தட்டுப்பட்டது. கையைக் கீழே கொண்டுபோனாள். வால் எலும்புக்கு ஒரு சாண் மேலேயே துணி முடிந்துவிட்டது. அதற்குக் கீழே அவன் சட்டை, அதற்குக் கீழே அவன் எலும்பு. உட்காரும் இடத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

புதுத் தூளி ஒரு சாண் குட்டை. மேல்விளிம்பை வைத்து ஒட்டிய கோடு பிடரிக்கு வந்தது. கீழ்விளிம்பு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. மூன்று வாரமாக, நாளைக்கு ஆறு தடவை, அவன் கனம் முழுக்க அந்தரத்தில் தொங்க, ஏற்கெனவே விட்டுப்போன வலது தோளிலும் அக்குளிலும் அவனைத் தூக்கியிருக்கிறாள். கத்தியபோதெல்லாம் அவனுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பம்பை அழுத்தியிருக்கிறாள். அவன் டேப்பை உரிக்க உரிக்க, தன் கையாலேயே அதை மறுபடி ஒட்டியிருக்கிறாள்.

"நான்தான்" என்றாள். வேனின் படியில் உட்கார்ந்துவிட்டாள். ரப்பர் உடுப்புக்குள் தண்ணீர் சளசளத்தது. ஆரினின் இடது கை அவள் தலையில் வந்து விழுந்தது. இந்தத் தடவை முடியைப் பிடித்து இழுக்கவில்லை. சும்மா கிடந்தது.

டிரென்ட் வெளியே வந்து, "ஆஹா, அழகா உக்காந்திருக்கு" என்றான். கடைசி லிஃப்டை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று டெல்மர் தானாகவே சொன்னான்.

வீட்டுக்குப் போனதும் சர்ச்சுப் பெண்கள் வைத்துவிட்டுப் போன உருளைக்கிழங்கு இறைச்சிப் பாத்திரத்தை அடுப்பில் தள்ளிவிட்டு, உடுப்பைக்கூட மாற்றாமல் லவான் தூளியை எடுத்தாள். அவனைப் பக்கவாட்டில் சாய்த்து, துணியை வால் எலும்பு வரைக்கும் கீழே இழுத்து, அடியில் கையை விட்டுச் சுருக்கம் நீக்கி, தொடை வார்களை மாட்டினாள். வலது அக்குளில் மூன்று வாரத்துச் சிவப்பு கன்றிப்போய்க் கருத்திருந்தது. அந்த வலிக்குத்தான் அவன் எத்தனையோ தடவை "சரி" சொல்லியிருக்கிறான்.

பம்புப் பிடியை அழுத்தினாள். ஒன்று. இரண்டு. வழக்கமாக அலறல் கிளம்புகிற இடம். டெல்மர் அடுக்களையில் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தான். மூன்று, நான்கு. நாற்காலியை விட்டு ஆரின் எழுந்தான். துணி அவன் கனத்தை வாங்கிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு தொங்கினான். வீட்டில் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

டெல்மர் அறை வாசலில் வந்து நின்று பார்த்தான். பிறகு மேஜையிலிருந்த டேப் சுருளை எடுத்து நீட்டினான். "கோடு போட்டுக்க மொதலாளி. நாளைக்குப் பத்து மணிக்கு அந்தம்மா வருது."

லவான் சுருளைப் பார்த்தாள். நாளைக்கு ஜானெல் வருவாள், இவன் சத்தமில்லாமல் தூக்கப்படுவான், அந்த நாற்பது மைல் தள்ளிய கட்டில் வேறு யாருக்கோ போகும். ஒரு ராத்திரி முழுசாகத் தூங்குவது இனி எந்த வருஷமோ. அது தெரிந்தது. தெரிந்தும் கை டேப்பை வாங்கவில்லை.

"வேணாம். இவன் ஒடம்பு தெனம் ஒரே மாதிரியா இருக்கு? கையை விட்டுப் பாத்துக்கறேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான். ஆறு தடவையும்."

டக், டக்.

லிஃப்டின் கம்பத்தில், ஆரினின் இடது கை விரல் முட்டி. கண் இன்னும் மூடியே இருந்தது. லவான் லிஃப்டைக் கட்டில் பக்கம் உருட்டிக்கொண்டு போய், அவனை மெதுவாக இறக்கினாள்.